இரு சக்கரமா, மூன்று சக்கரமா? சாய்வு மிதிவண்டியின் வரலாறும் ஒரு வரையறையின் அரசியலும்

(நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, அறிவியல் சமூகவியல் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

ரிகம்பென்ட் எனப்படும் சாய்வு மிதிவண்டியை வாங்க நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இரு சக்கர வண்டியா, மூன்று சக்கர வண்டியா என்பது. முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் இவ்வண்டிகளின் விற்பனையாளர்கள் இதற்கு வேகம், நிலைத்தன்மை, எடை, விலை என்று ஒரு பட்டியலை விடையாகத் தருவர். அப்பட்டியலில் தவறில்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டுக் கால வாதம் இருக்கிறது. எந்த உடலை இயல்பான உடலாகக் கொண்டு வண்டி செய்வது, எதை மிதிவண்டி என்று அழைப்பது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பவையே அவ்வாதத்தின் பொருள். அவ்வாதத்தை மூன்று காலக்கட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பது இப்பதிவின் நோக்கம்.

1. சந்தை தீர்ப்பளித்த காலம்

1870களின் இங்கிலாந்தில் மிதிவண்டி என்றால் முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் மிகச் சிறியதுமாக இருந்த உயரச்சக்கர வண்டிதான். இளமையும் துணிவும் உடற்பயிற்சியும் உள்ள ஆண்களுக்கே அது உரியதாக இருந்தது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள், முதியோர், மருத்துவர், பாதிரியார் போன்றோருக்கு அவ்வண்டியில் இடமில்லை.

அவ்விடத்தை நிரப்பியது மூன்று சக்கர வண்டி. கவென்ட்ரி நகரத்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1876இல் நெம்புகோலால் இயங்கும் மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார். அடுத்த ஆண்டிலேயே வேறொரு சிக்கலுக்கும் விடை கண்டார். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களையும் சங்கிலி சேர்த்து இயக்கினால், வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால் வண்டி முரண்டு பிடிக்கும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் பல்லிணைப்பை அவர் மிதிவண்டியில் பொருத்தினார். இக்கருத்துக்குப் பிரான்சின் பெக்கர் 1827இலேயே, நீராவி வண்டிக்காக, காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் பின்னாளில் மோட்டார் வாகனத்தின் இன்றியமையாத உறுப்பான ஒன்று, அதற்கு முன்பே மூன்று சக்கர மிதிவண்டியில் அன்றாடப் பயனுக்கு வந்துவிட்டது என்பது கவனத்திற்குரியது. 1881இல் விக்டோரியா அரசியாரே ஸ்டார்லியின் சால்வோ வண்டிகள் இரண்டை வரவழைத்தார். அதன்பின் அது ராயல் சால்வோ என்று பெயர் பெற்றது.

மூன்று சக்கர வண்டியின் இச்செல்வாக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. ஜேம்ஸ் ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழி உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் ரோவர் வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்கள், பின்சக்கரத்திற்குச் சங்கிலி, தரைக்கு அருகில் கால் என்ற அவ்வமைப்பே இன்றும் நம் தெருக்களில் ஓடுகிறது. 1888இல் டன்லப்பின் காற்று டயரும் வந்து சேர்ந்தது. மூன்று சக்கரத்தை நாடியவர்களுள் பெரும்பாலோர் இந்தப் பாதுகாப்பு மிதிவண்டிக்கு மாறினர்.

டிரெவர் பின்ச், வீபே பைக்கர் ஆகியோர் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இக்காலக்கட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. ஒரு கருவி வெல்வதற்குக் காரணம் அது தன்னியல்பில் சிறந்தது என்பதன்று; வெவ்வேறு சமூகக் குழுக்கள் அதற்குத் தரும் பொருள் ஒரு கட்டத்தில் ஒன்றிணைந்து உறைந்துபோவதே காரணம் என்பது அவர்கள் வாதம். உறைந்தது மீண்டும் உருகவும் கூடும். சாய்வு மிதிவண்டியின் கதை அவ்வாறு உருகிய ஒன்றின் கதை. அதோடு, பாதுகாப்பு மிதிவண்டியின் வெற்றிக்குப் பின்னும் சமநிலையைப் பேண இயலாத உடல் உடையோர் எஞ்சி நின்றனர். அவர்களைப் பொறுத்தவரை வாதம் முடியவேயில்லை. கேட்பார் இல்லாமல் போயிற்று, அவ்வளவே.

2. விதி தீர்ப்பளித்த காலம்

முதல் உலகப் போருக்குப்பின், ஜெப்பலின் வான்கப்பல் நிறுவனத்தில் காற்றியக்கவியல் வல்லுநராக இருந்த பால் யாரை, ஸ்டுட்கார்ட்டில் யே-ராட் என்ற சாய்வு இருசக்கர வண்டியை வடிவமைத்தார். கால்கள் வட்டமாகச் சுழலாமல் நெம்புகோலை முன்பின் தள்ளும் அமைப்பு அது. 1921இல் தொடங்கிய அதன் உற்பத்தி சில ஆண்டுகளுக்குள்ளேயே நின்றுபோனது. எந்தத் தடையும் இல்லாத காலத்தில் ஒரு சாய்வு வண்டி தானாகவே சந்தையில் தோற்றது என்ற இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும்.

பிரான்சில் கதை வேறு வகையாகத் தொடங்கியது. பாரிசை அடுத்த புத்தோ நகரில் சிறு கார்கள் செய்துவந்த சார்ல் மொஷே, தம் மகன் ஜார்ஜுக்கு மிதிவண்டி ஆபத்தானது என்ற வீட்டாரின் அச்சத்தால், நான்கு சக்கர மிதிகார் ஒன்றைச் செய்துகொடுத்தார். அது பிற பிள்ளைகளின் மிதிவண்டிகளைவிட விரைவாக ஓடியது. அதன் வளர்ச்சியாகப் பெரியவர் இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வெலோகார் பிறந்தது. கார் வாங்க வசதியற்ற குடும்பங்கள் அதை வாங்கின.

ஆனால் வளைவில் விரைந்து திரும்பும்போது அது கவிழப் பார்த்தது. மொஷே மூன்று சக்கரத்தில் முயன்றார்; அதுவும் நிறைவளிக்கவில்லை. முடிவில் நான்கு சக்கர வண்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாற்போல ஓர் இருசக்கர வெலோகாரை உருவாக்கினார். இன்றைய வாங்குநரின் கேள்வியை மொஷே தம் பட்டறையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்து, விடை கண்டார் எனலாம். அவர் தேடியது வேகம். ஆகவே இரு சக்கரத்தை அடைந்தார்.

1933 ஜூலை 7 அன்று, முதல்தர வீரராகக் கருதப்படாத பிரான்சிஸ் ஃபோர், அவ்வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. கடந்தார். 1914இல் ஆஸ்கர் எக் நிறுவியிருந்த 44.247 கி.மீ. என்ற சாதனை 19 ஆண்டுகளுக்குப் பின் முறிந்தது. உடனே கேள்வி எழுந்தது: முறித்தது மனிதனா, வண்டியா?

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1934இல் விடை சொன்னது. பந்தய மிதிவண்டிக்குப் புதிய வரையறை வகுக்கப்பட்டது. மிதிகளைத் தாங்கும் அச்சின் உயரமும், இருக்கைக்கும் அவ்வச்சுக்கும் உள்ள இடைவெளியும் அளவிட்டுக் குறிக்கப்பட்டன. அவ்வளவுகளுக்குள் சாய்வு வண்டி அடங்காது. ஃபோரின் சாதனை தனிப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது. மொஷே அதே ஆண்டில் மறைந்தார். 1939 மார்ச் 5 அன்று, காற்றைக் கிழிக்கும் கூடு பொருத்திய வெலோகாரில் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 50.537 கி.மீ. ஓட்டினார். அதற்குள் அது உலகம் பொருட்படுத்தாத சாதனையாகிவிட்டது.

ஒன்றியத்தின் தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும். பந்தயம் என்பது கால்களை ஒப்பிடும் களம். வண்டிகள் வேறுபட்டால் ஒப்பீடு குலையும். பிற விளையாட்டுகளும் தத்தம் கருவிகளுக்கு அளவு வகுத்துள்ளன. ஆகவே விதி வகுத்தது பிழையன்று. விதி தன் எல்லையைத் தாண்டி ஒழுகியதுதான் பிழை. பந்தயத்திற்கான வரையறை மெல்ல மெல்லத் தெருவுக்கும் வரையறையானது. பந்தயத்தில் காண முடியாததைத் தயாரிப்பாளர் செய்யவில்லை. கடையில் காண முடியாததை மக்கள் கேட்கவில்லை.

எனினும் '1934இல் ஒரு குழு சாய்வு வண்டியைக் கொன்றுவிட்டது' என்று ஆர்வலர்கள் மீண்டும் மீண்டும் சொல்லும் கதையை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்கலாகாது. யே-ராட் எந்தத் தடையுமின்றித்தான் மறைந்தது. எடை, விலை, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முடியாமை, போக்குவரத்தில் தாழ்ந்து அமர்வதன் அச்சம் எனச் சாய்வு வண்டிக்குச் சொந்தக் குறைகளும் உண்டு. தடை அக்குறைகளை உண்டாக்கவில்லை. அவற்றைத் திருத்திக்கொள்ளத் தேவையான போட்டியையும் முதலீட்டையும் கவனத்தையும் பறித்தது. தொழில்நுட்ப வரலாற்றில் தடைகள் பெரும்பாலும் இவ்வாறே செயற்படுகின்றன. இருப்பதை அழிப்பதைவிட, வளரக்கூடியதைப் பட்டினி போடுகின்றன.

3. விதியில்லாத களம்

மறுமலர்ச்சி பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சன் 1960களின் இறுதியில் மனித ஆற்றலால் இயங்கும் வண்டிகளுக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்றை நடத்தினார். கலிபோர்னியாவின் லாங் பீச் பல்கலைக்கழகத்தில் செஸ்டர் கைல் காற்றுத் தடையை அளந்தார். 1975இல் வடிவக் கட்டுப்பாடே இல்லாத முதல் வேகப் போட்டி கலிபோர்னியாவில் நடந்தது. அடுத்த ஆண்டு பன்னாட்டு மனித ஆற்றல் வண்டிகள் சங்கம் தோன்றியது. சக்கரம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டுபவர் எப்படி வேண்டுமானாலும் கிடக்கலாம். நம் கேள்விக்கு இது ஒரு திறந்த ஆய்வுக்கூடம்.

முதலில் முன்னேறியது மூன்று சக்கரம். 1980இல் வெக்டர் என்ற மூன்று சக்கர வண்டி, கூட்டுக்குள் இருவர் படுத்து மிதிக்க, மணிக்கு 101 கி.மீ. வேகத்தைத் தொட்டது. பின்னர் காற்று திசை மாறியது. 1986இல் கார்ட்னர் மார்ட்டின் வடிவமைத்த கோல்ட் ரஷ் என்ற இரு சக்கர வண்டியில், தனியொருவராக ஃப்ரெட் மார்க்கம் மணிக்கு 105 கி.மீட்டரைக் கடந்து டூபாண்ட் பரிசை வென்றார். 2016இல் கனடாவின் டாட் ரைகர்ட் நெவாடா மாநிலச் சமதளச் சாலையில் 144.17 கி.மீ. வேகத்தை எட்டியதும் இரு சக்கர வண்டியில்தான். ஒரு சக்கரம் குறைந்தால் உருளும் தடை குறையும். கூடு குறுகலானால் காற்றுத் தடை குறையும். நேர்ச்சாலையில் வேகம் ஒன்றே குறியானால் மொஷே கண்ட விடையே இன்றும் செல்லும்.

ஆனால் மூன்று சக்கரம் தோற்று மறையவில்லை. இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் மைக் பரோஸ் உருவாக்கிய விண்ட்சீட்டா முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்கள் கொண்டது. பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் ஓட்டிய லோட்டஸ் வண்டிக்கு வித்திட்டவரும் இதே பரோஸ்தான். 1996இல் ஆண்டி வில்கின்சன் விண்ட்சீட்டாவில் பிரித்தானியாவின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனைவரை 41 மணி நேரத்தில் ஓட்டினார். மூன்று சக்கரம் இயலாதோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை இதைவிடத் தெளிவாக மறுக்க இயலாது. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் மழைக்கும் குளிருக்கும் கூடு போட்ட வெலோமொபில்கள் பெரும்பாலும் மூன்று சக்கரத்திலேயே அமைந்தன. கூட்டுக்குள் இருப்பவர் சிவப்பு விளக்கில் காலை எளிதாக ஊன்ற முடியாது; நின்றாலும் விழாத வண்டியே அவருக்கு வேண்டும்.

4. தாழ்வு ஒன்று, விளைவு இரண்டு

ஒரே சாய்வு நிலை இருவகை வண்டிக்கும் எதிரெதிரான விளைவைத் தருவதை வரலாற்று நூல்கள் போதிய அளவு விளக்குவதில்லை. எளிய கணக்கொன்று போதும்.

மூன்று சக்கர வண்டி வளைவில் சாயாது. ஆகவே வேகம் மிகுந்தால் கவிழும். முன்சக்கரங்களுக்கிடையே 75 செ.மீ. அகலமும், எடையில் மூன்றில் இரு பங்கு முன்னாலும் உள்ள ஒரு வண்டியை எண்ணிக்கொள்வோம். கவிழும் கோட்டுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் பக்கவாட்டில் ஏறத்தாழ 25 செ.மீ. இடைவெளி இருக்கும். நிமிர்ந்து அமர்ந்தால் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 18 கி.மீ. வேகத்தில் கவிழத் தொடங்கும். சாய்ந்து அமர்ந்து அவ்வுயரம் 40 செ.மீ. ஆனால், எல்லை 28 கி.மீ. வரை உயரும். நிமிர்ந்த மூன்று சக்கர வண்டிக்கு விரைவு ஆபத்து. சாய்ந்ததற்கு அதுவே இயல்பு. சாய்வு இருக்கைதான் மூன்று சக்கரத்திற்கு மறுவாழ்வு தந்தது.

இரு சக்கரத்திற்கு இதே தாழ்வு வேறு விதமாகப் பயன்படுகிறது. காற்றை எதிர்க்கும் முகப்பு குறைவதால் வேகம் கூடுகிறது. ஆனால் மெதுவாகச் செல்லும்போது சமநிலை கடினமாகிறது. உள்ளங்கையில் நீண்ட கழியை நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்துவது அரிது. உயரம் குறைந்த பொருள் விரைந்து சாய்ந்துவிடும். திருத்திக்கொள்ள நேரம் இராது. செங்குத்தான ஏற்றத்தில் நடை வேகத்துக்கு இறங்கும்போது சாய்வு இருசக்கர வண்டி தள்ளாடுவதும், மூன்று சக்கர வண்டி பல்லிணைப்பைத் தாழ்த்திப் பொறுமையாக ஏறிவிடுவதும் இதனால்தான்.

எனவே 'எது சிறந்தது' என்ற கேள்வியே பிழையாக அமைந்தது. எந்தச் சாலை, எந்த உடல், எந்த நோக்கம் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை பிறக்கும். நீண்ட சமவெளியில் விரைந்து செல்லவும், குறுகிய வாயில் வழியே வண்டியை வீட்டுக்குள் நுழைக்கவும், மேடுபள்ளச் சாலையில் ஒற்றைத் தடத்தில் குழிகளை விலக்கிச் செல்லவும் வேண்டுவோருக்கு இரு சக்கரம் ஏற்றது. மூன்று தடங்களில் ஒன்றேனும் குழியில் இறங்கும் என்பது நம் நாட்டுச் சாலைகளில் சிறு செய்தியன்று. சுமையோடு மலையேறுவோர், நெரிசலில் அடிக்கடி நிற்போர், செவியுள் சமநிலைக் கோளாறோ பக்கவாதத்தின் விளைவோ உடையோர், முதுமையில் விழ அஞ்சுவோர் ஆகியோருக்கு மூன்று சக்கரம் தகும். மூன்று சக்கரத்திலும் முன்னால் இரண்டுள்ள வகை, வளைவில் பிரேக் பிடிக்கும்போது எடை இரு சக்கரங்களின் மேல் சாய்வதால் உறுதியானது. பின்னால் இரண்டுள்ள வகையில் அதே எடை ஒற்றை முன்சக்கரத்தை நோக்கி ஓடும். ஆனால் அதன் இருக்கையைச் சற்று உயரமாக அமைக்கலாம், ஏறி இறங்குவது எளிது.

5. வரையறை மீண்டும் உருகுகிறது

1934இல் சாய்ந்து ஓட்டுவதை மிதிவண்டியின் எல்லைக்கு வெளியே நிறுத்திய அதே ஒன்றியம், 2007இல் மாற்றுத்திறனாளர் மிதிவண்டிப் போட்டிகளின் நிர்வாகத்தை ஏற்றது. அப்போட்டிகளில் கையால் சுழற்றும் வண்டிகள் மூன்று சக்கரம் கொண்டவை. பெரும்பாலான பிரிவுகளில் வீரர்கள் படுத்த நிலையிலேயே ஓட்டுகின்றனர். சமநிலைக் குறைபாடு உடையோர்க்கு நிமிர்ந்த மூன்று சக்கர வண்டிப் பிரிவுகளும் உண்டு. ஆக, ஒரு நிறுவனத்தின் ஒரு விதிப்புத்தகம் விலக்கியதை இன்னொரு விதிப்புத்தகம் விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. வரையறை இயற்கை விதியன்று, மனிதர் எடுத்த முடிவு என்பதற்கு இதுவே போதிய சான்று.

இந்தியாவில் மூன்று சக்கர மிதிவண்டி என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு: பிறர் உழைப்பில் நாம் அமர்ந்து செல்லும் ரிக்ஷா, 1972இல் கான்பூரில் நிறுவப்பட்ட அலிம்கோ போன்ற அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளர்க்கு வழங்கும் கைச்சுழற்சி வண்டி. ஒன்று கூலியின் அடையாளம், மற்றது உதவியின் அடையாளம். மகிழ்ச்சிக்காகவும் பயணத்திற்காகவும் ஒருவர் தாமே விரும்பித் தேர்ந்தெடுக்கும் வண்டி என்ற மூன்றாவது பொருள் இங்கு இன்னும் வேரூன்றவில்லை. கைச்சுழற்சி வண்டி நிமிர்ந்த இருக்கையோடு உயரமாகவே அமைக்கப்படுகிறது. மேற்கண்ட கணக்கின்படி, வளைவில் விரைய முடியாத வடிவம் அது. அதைப் பயன்படுத்துவோர் விரையவும் விரும்பக்கூடும் என்று வடிவமைப்பில் எண்ணிப் பார்க்கப்பட்டதா என்பது நல்லதோர் ஆய்வுப் பொருள்.

1880களில் உயரச்சக்கரத்தால் விலக்கப்பட்டோர் மூன்று சக்கரத்தை நாடினர். 1934இல் விதியால் விலக்கப்பட்ட இரு சக்கரச் சாய்வு வண்டியும் அந்த விலக்கப்பட்டோர் வரிசையில் சேர்ந்தது. இன்று இவ்விரண்டுக்குமிடையே தேர்வு செய்பவர் தம் முழங்காலையும் முதுகையும் சாலையையும் பணப்பையையும் கருதித் தேர்வு செய்யட்டும், அதுவே முறை. ஆய்வாளரின் பணி வேறு. ஒரு கருவி கடையில் இல்லாதபோது, அது தேவையற்றதால் இல்லையா, தேவைப்பட்டோரின் குரல் எண்ணப்படாததால் இல்லையா என்று கேட்பது அப்பணி. மிதிவண்டி போன்ற எளிய பொருளில் அக்கேள்வியைக் கேட்கப் பழகியவர், பெரிய தொழில்நுட்பங்களிலும் அதைக் கேட்கத் தயங்கமாட்டார்.